என் முட்டியும் அம்மா முட்டியும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. ஆகஸ்டில் மும்பையில் அப்படி ஒரு காலை கிடைத்தால் விடுவோமா? செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஏழு மணிக்கே காம்பவுண்டில் த்ரோபால் வலையைக் கட்டிவிட்டோம். எனக்கு வயது 42. பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவில் ஆடியவள் என்ற பழைய பெருமை வேறு, போதாததற்கு முந்தின நாள் வாங்கிய புது ஷூ. த்ரோபால் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பந்தைப் பிடித்தால் மூன்று விநாடிக்குள் திருப்பி எறிய வேண்டும். எம்பிப் பிடித்தேன், இடது காலில் இறங்கினேன், இறங்கிய வேகத்திலேயே உடம்பைத் திருப்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. புது ஷூ சிமெண்ட் தரையை அப்படியே கவ்விக்கொண்டு நின்றது. உள்ளே ஏதோ ‘டப்’ என்றது. காதால் கேட்டேனா காலால் கேட்டேனா என்று இன்றுவரை தெரியாது. யாரும் என்னை இடிக்கவில்லை, நான் வழுக்கவும் இல்லை. வழுக்கியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன்.

ஐந்து நிமிடம் உயிர் போகிற வலி. பத்தாவது நிமிடம் எழுந்து, நொண்டிக்கொண்டே லிஃப்டுக்குப் போனேன். “நடக்கிறாளே, அப்போ ஒண்ணுமில்லை” என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்பது மணிக்குள் முட்டிச் சில்லு எங்கே இருக்கிறதென்றே தெரியாதபடி வீங்கிவிட்டது, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் அம்மா பார்த்துவிட்டு, “ஏட்டி, சுளுக்குக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாகளா? நாலு நாள் நீவி விட்டாச் சரியாப் போயிரும்” என்றாள்.

இங்கேயே நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அன்று இதைச் சொல்ல ஆளில்லை. முட்டி எப்போது வீங்கியது என்பதுதான் முதல் துப்பு. அடிபட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குப்பென்று வீங்கினால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம், அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று முன் சிலுவை ஜவ்வு, அதாவது எல்லோரும் ஏசிஎல் என்று சொல்வது, அறுந்து போவது. இராத்திரி தூங்கி மறுநாள் காலையில் எழுந்து பார்க்கும்போது வீங்கியிருந்தால் அது பெரும்பாலும் குருத்தெலும்புத் தட்டு, மெனிஸ்கஸ் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள், அதில் கிழிசலாக இருக்கலாம். நம் ஊரில் இரண்டையுமே ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்றுதான் சொல்வோம், அதனால் குழப்பம். முதலாவது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டிவைத்திருக்கிற கயிறு. இரண்டாவது அந்த இரண்டு எலும்புக்கும் நடுவில் வைத்த வாஷர், ஒரு முட்டிக்கு இரண்டு. ‘டப்’ சத்தம், உடனே வீக்கம், தொடர்ந்து விளையாட முடியாமல் போவது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் சுளுக்கு என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும், உங்கள் அம்மாவாகவே இருந்தாலும், நம்பாதீர்கள்.

நான் நம்பினேன். மறுநாள் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். “எலும்பில் ஒன்றுமில்லை” என்றார்கள். அது உண்மைதான், ஆனால் எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாது. ‘எலும்பில் ஒன்றுமில்லை’ என்பதை ‘ஒன்றுமில்லை’ என்று கேட்டுக்கொண்டு வந்தது என் காது. அன்று மாலையே ஒருவர் வந்து சூடான எண்ணெய் போட்டு முட்டியை நீவினார், வலியில் நான் கத்தியது மூன்றாவது மாடிவரை கேட்டிருக்கும். கை நல்ல கைதான், நேரம்தான் தப்பு. அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் சூடும் வேண்டாம், அழுத்தி நீவுவதும் வேண்டாம், உள்ளே கசிகிற இரத்தத்தை அது இன்னும் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து இருபது நிமிடம், எலாஸ்டிக் கட்டு, காலை இதயத்துக்கு மேலே உயர்த்தி வைப்பது, இவ்வளவு போதும். அந்த ஐஸ்கூட வலிக்குத்தான், காயத்தை ஆற்றுவதற்கு இல்லை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற நால்வழியை 1978-ல் எழுதிப் பிரபலமாக்கிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்க்கினே பின்னாளில் ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டார்.

மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. வீக்கமும் வடிந்தது. நான் திரும்ப ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு சிஎஸ்எம்டிக்கு ஆபீஸ் போக ஆரம்பித்தேன். நேராக நடந்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் கிச்சனில் அடுப்பிலிருந்து சிங்க் பக்கம் சட்டென்று திரும்பினால், முட்டி ஒரு நொடி என்னுடையதே இல்லை என்பது போலக் கழன்று மறுபடி வந்து பொருந்தும். வலிக்காது. வெறும் ஒரு திக். இரண்டு முறை அப்படி ஆனது, மூன்றாவது முறை கையிலிருந்த குக்கரோடு அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். வலிக்கவில்லையே, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கதையில் நான் செய்த பெரிய தப்பு எண்ணெய் போட்டதுகூட இல்லை, இதுதான். வலி போனால் முட்டி சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அறுந்த கயிறு வலிக்காது. அந்தக் கயிறு இல்லாமல் முட்டி ஒவ்வொரு முறை கழன்று பொருந்தும்போதும் நடுவில் இருக்கிற வாஷர்தான் நசுங்குகிறது.

நவராத்திரிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. கொலுவுக்கு இரண்டு பொம்மையும் கொஞ்சம் சாமானும் வாங்க மாட்டுங்காவுக்குப் போகிறேன். செம்பூரிலிருந்து குர்லா, அங்கே பாலம் ஏறி மெயின் லைன் பிளாட்ஃபார்முக்கு மாற வேண்டும். மாலை ஆறு மணிக் கூட்டத்தைப் பற்றி மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படி இறங்கும்போது எதிரே தலையில் மூட்டையோடு ஒருவர் வந்தார், ஒதுங்குவதற்காக உடம்பைத் திருப்பினேன், அவ்வளவுதான். கழன்ற முட்டி இந்தத் தடவை திரும்பப் பொருந்தவில்லை. பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது, நீட்டவே முடியவில்லை. உள்ளே கதவிடுக்கில் ஒரு துணி மாட்டிக்கொண்ட மாதிரி. படியில் உட்கார்ந்துவிட்டேன். இருபக்கமும் ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். கூடையில் எலுமிச்சை வைத்திருந்த ஒரு மராத்திப் பாட்டி மட்டும் நின்று, “காய் ஜாலா?”, என்ன ஆச்சு, என்று கேட்டு, தன் கூடையை எனக்கு முன்னால் அணைபோல வைத்தாள், யாரும் மிதித்துவிடாமல். அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த நாள் பார்த்த எலும்பு மருத்துவர் எம்ஆர்ஐக்கு எழுதும் முன்பே கையால் கண்டுபிடித்துவிட்டார். முட்டியை இருபது முப்பது டிகிரி மடக்கி வைத்து, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மற்றக் கையால் கீழ்க்கால் எலும்பை முன்பக்கம் இழுத்தார். முதலில் வலது காலில் செய்தார், ஒரு இடத்தில் ‘டக்’ என்று நின்றது. இடது காலில் நிற்கவே இல்லை, பூட்டில்லாத மேஜை டிராயர் மாதிரி வந்தது. லாக்மன் சோதனை என்று பெயர், 1976-லிருந்து புத்தகத்தில் இருக்கிறது. கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். முதல் வாரமே யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் போதும் என்று இன்னும் வயிறு எரிகிறது. எம்ஆர்ஐயில் வந்தது: ஏசிஎல் முழுசாக அறுந்திருக்கிறது, உட்புற மெனிஸ்கஸ் நீளவாக்கில் கிழிந்து வாளிக் கைப்பிடி போல மடிந்து நடுவில் மாட்டியிருக்கிறது. முதலாவது ஆகஸ்டில் நடந்தது. இரண்டாவது, அவர் பேச்சை வைத்துப் பார்த்தால், நான் நடந்து நடந்து சம்பாதித்தது.

அறுவை சிகிச்சை வேண்டுமா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்புறம் நானும் தேடிப் படித்தேன். ஏசிஎல் அறுந்தால் உடனே கத்திதான் என்பது கட்டாயம் இல்லை. ஸ்வீடனில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில் ஏசிஎல் அறுந்த 121 இளம் வயதினரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அறுவையும் பயிற்சியும், மறு பாதிக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பின்னால் அறுவை என்று வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து இரண்டு பக்கமும் முட்டியின் நிலை ஏறக்குறைய ஒன்றுதான், பயிற்சியில் ஆரம்பித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதுவரை கத்தியே பார்க்கவில்லை. ஆகஸ்டிலேயே தெரிந்திருந்தால் எனக்கும் அந்த வழி திறந்திருக்கும். முட்டி பூட்டிக்கொண்ட பிறகு கதை வேறு. மாட்டிய தட்டை எடுத்து இடத்தில் வைத்துத் தைக்க வேண்டும், நாள் தள்ளினால் அது நைந்துபோகும். அந்தத் தட்டின் வெளி ஓரத்துக்குத்தான் இரத்த ஓட்டம் உண்டு, உள் ஓரத்துக்குக் கிடையாது, ஆகவே ஓரக் கிழிசல் தைத்தால் ஒட்டும், உட்கிழிசல் பெரும்பாலும் ஒட்டாது. என்னுடையது ஓரத்தில் இருந்தது என் அதிர்ஷ்டம். தொடையின் பின்பக்கத் தசைநாரிலிருந்து எடுத்து ஏசிஎல் புதிதாகப் போட்டார்கள், மெனிஸ்கஸைத் தைத்தார்கள். உங்களுக்கு மெனிஸ்கஸ் அறுவை என்று சொன்னால் ‘தைக்கப் போகிறீர்களா, வெட்டி எடுக்கப் போகிறீர்களா’ என்று வாயைத் திறந்து கேளுங்கள். இரண்டும் ஒன்றில்லை, பின்னால் வருகிற தேய்மானத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நான் மயக்கத்தில் இருந்தேன். அதற்குப் பிந்தைய பிசியோதான் முழுக் கதையும். மூன்றாம் நாள், கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு 25, 26 வயதுதான் இருக்கும். “தொடையை இறுக்குங்க ஆன்ட்டி, முட்டியைக் கட்டிலைப் பார்த்து அழுத்துங்க” என்று ஹிந்தியில் சொல்கிறாள். அழுத்துகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. தொடை வேகவைத்த சேப்பங்கிழங்கு மாதிரி கிடக்கிறது. பல்லைக் கடிக்கிறேன், வயிறு இறுகுகிறது, தோள் ஏறுகிறது, எனக்கே தெரியாமல் வலது கால் கட்டை விரல்கூட மடங்குகிறது, இடது தொடை மட்டும் அசையவில்லை. பயந்துவிட்டேன், நரம்பை எங்காவது வெட்டிவிட்டார்களோ என்று. அவள் சிரித்தாள். முட்டிக்குள் நீர் கோத்திருந்தால் மூளையிலிருந்து தொடைக்குப் போகிற கட்டளையை உடம்பே குறைத்துவிடுமாம். அதனால்தான் முட்டியில் அடிபட்டவர்களுக்கு இரண்டே வாரத்தில் தொடை சூம்பிவிடுகிறது. என் வலது தொடையைத் தொட்டு, “இதை முதல்ல இறுக்குங்க, எப்படி இருக்குன்னு பார்த்துக்குங்க, அப்புறம் அதே மாதிரி அங்கே” என்றாள். பதினாறாவதோ பதினேழாவதோ முறை, முட்டிச் சில்லுக்கு மேலே உள்பக்கம் ஒரு சிறு துடிப்பு, மீன் தண்ணீருக்குள் வாலை ஆட்டின மாதிரி. அழுதுவிட்டேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மணிக்கு ஒரு தடவை பத்துப் பத்து. தொடையை இறுக்கு, ஐந்து எண்ணு, விடு. இது அறுவை ஆனவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். முட்டியில் எந்தக் கோளாறாக இருந்தாலும், தேய்மானமோ சில்லு வலியோ, கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற இடம் தொடைத் தசைதான். அப்புறம் இன்னொன்று: அறுவைக்குப் பின் முட்டியை மடக்குவதைப் பற்றித்தான் வீட்டில் எல்லோரும் கவலைப்படுவார்கள், முழுசாக நீட்டுவதை யாரும் கேட்பதில்லை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது சுகமாகத்தான் இருக்கும், செய்யவே செய்யாதீர்கள், நீட்டல் போனால் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு, வாழ்க்கை முழுக்க லேசான நொண்டலோடு நடக்க வேண்டி வரும்.

ஆறு வாரம் பிரேஸ், ஊன்றுகோல், 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, ஏனென்றால் மெனிஸ்கஸில் தையல். தரையில் உட்கார்வது, சம்மணம், குந்தி உட்கார்வது எல்லாம் மாதக் கணக்கில் இல்லை. லிஃப்ட் வேலை செய்யாத நாட்களுக்காகப் படி ஏறக் கற்றுக்கொடுத்தார்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் நோவுள்ள காலும் முதலில். எளிதுதான், ஆனால் பதற்றத்தில் மாறிவிடும். நான் வெள்ளைச் சாக்பீஸால் எங்கள் படிக்கட்டுச் சுவரில் எழுதியே வைத்தேன். பாத்ரூமில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் சுவரில் ஒரு கைப்பிடியும் அறுவைக்கு முந்தின வாரமே போட்டுவிடுங்கள். காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தது, பிசியோ செலவில் டிஸ்சார்ஜ் ஆன 60 நாள்வரைதான் கொடுத்தது. முட்டி சரியாக ஆகிற மாதங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. உங்கள் பாலிசியை முன்கூட்டியே எடுத்துப் படியுங்கள்.

இரண்டரை மாதம் ஆனபோது எனக்கு வலி என்பதே இல்லை. வேகமாக நடந்தேன், மாடி ஏறினேன், சொசைட்டிக்காரிகள் “எப்போ வரே?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். வலி மறுபடி அதே பொய்யைச் சொல்கிறது! புதிதாக வைத்த ஒட்டு ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரைதான் ரொம்பப் பலவீனமாக இருக்கும், உடம்பு அதை ஒரு தடவை கரைத்து மறுபடி கட்டுகிற காலம் அது. அதே காலத்தில்தான் நமக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். நார்வேயில் நடந்து 2016-ல் வந்த ஓர் ஆய்வில், ஏசிஎல் அறுவை ஆனவர்கள் மைதானத்துக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம்வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் விகிதம் 51 சதவீதம் குறைந்திருந்தது. நான் இதைச் சொசைட்டி வாட்ஸ்அப்பில் போட்டதும் கேட்பது நின்றது.

இதற்கிடையில் அம்மா. வயது 68, இரண்டு முட்டியும் பத்து வருடமாக வலிக்கிறது, காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் பிடித்துக்கொள்ளும், அப்புறம் இளகும். (அரை மணி ஒரு மணி என்று நீண்டால், கை விரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினால், அது தேய்மானம் இல்லாமல் வாதமாக இருக்கலாம், அதற்கு வேறு டாக்டர்.) என் ஆஸ்பத்திரி நடையிலேயே அவளையும் காட்டினோம். நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள், இது முக்கியம், படுக்க வைத்து எடுத்தால் எலும்புக்கு நடுவில் இருக்கிற இடைவெளி இருப்பதைவிட நன்றாகத் தெரியும். தேய்மானம் நிறைய. அதற்கு முன்பு வேறோர் இடத்தில் எம்ஆர்ஐ எடுத்து, ஜவ்வு கிழிந்திருக்கிறது, துளை போட்டுச் சுத்தம் செய்துவிடலாம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஜவ்வு கிழிந்து அறுவை செய்தார்கள், ஆகவே அம்மாவுக்கும் அதுதான் என்று நாங்களும் தயாராகிவிட்டோம்.

அங்கேதான் தலைகீழான பாடம். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்து 2008-ல் வெளியிட்டார்கள். மெனிஸ்கஸ் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதத்தினருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ எதுவுமே இல்லை. வயதானால் தலை நரைப்பது போல அதுவும் கிழிகிறது. ஃபின்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே போய், வயதால் கிழிந்த மெனிஸ்கஸ் உள்ள 146 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நிஜமாகவே வெட்டி எடுத்தார்கள், மீதிப் பேரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய் வெட்டுவது போலப் பாவனை மட்டும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை, இது 2013-ல் வந்தது. ஆக, விளையாட்டில் கிழிந்து பூட்டிக்கொண்ட என் மெனிஸ்கஸும் நைந்து கிழிந்த அம்மாவின் மெனிஸ்கஸும் ரிப்போர்ட்டில் ஒரே வார்த்தை, மருத்துவத்தில் இரண்டு வேறு சங்கதி. எனக்கு வலி இல்லை, உள்ளே நாசம். அம்மாவுக்கு வலி இருக்கிறது, ஆனால் அந்த வலிக்குப் பயந்து அவள் ஆறு மாதமாகக் கீழேயே இறங்காமல் உட்கார்ந்ததில் தொடை வற்றியது, தொடை வற்றியதால் வலி கூடியது.

எங்கள் மருத்துவர் அம்மாவுக்கு எழுதித் தந்தது மாத்திரையைவிடக் கணக்கு அதிகம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முட்டி மேல் விழுகிற சுமை நாலு கிலோ குறையும். அம்மா உடனே வாங்கிக்கொண்டது இதைத்தான், மத்தியானச் சோற்றில் ஒரு கரண்டி குறைந்தது, சாயங்காலத் தட்டை முறுக்கு அடியோடு போயிற்று. அப்புறம் கைத்தடி. வலது முட்டி அதிகம் வலிக்கிறது என்று வலது கையில் பிடித்துக்கொண்டிருந்தாள், ஊரே அப்படித்தான் பிடிக்கிறது. தடி எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும், வலது முட்டிக்கு இடது கை. மாற்றிய அன்றே “இதென்னட்டி, இம்புட்டு நாளும் தடிக்குப் பதிலா நான்தான் அதைத் தூக்கிட்டு நடந்திருக்கேன்” என்றாள். தினமும் வலி மாத்திரை போடுவது அவள் பிரஷருக்கும் கிட்னிக்கும் ஆகாது என்பதால், தடவுகிற டைக்ளோஃபினாக் ஜெல் முதலில். எலாஸ்டிக் நீ கேப் தைரியத்துக்கு நல்லது, இராத்திரி கழற்றிவிட வேண்டும்.

பயிற்சி என்றால் அம்மா அசைய மாட்டாள் என்பதால் அதற்கு சீரியல் நேரத்தைப் பிடித்தோம். விளம்பரம் வந்ததும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும், கைகள் இரண்டும் மார்பில் குறுக்காக. 30 விநாடியில் எத்தனை முறை என்பது ஒரு அளவு, 65-லிருந்து 69 வயதுவரை உள்ள பெண்களுக்கு 11-க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு என்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் அட்டவணை சொல்கிறது. முதல் நாள் அம்மா 5. முதல் இரண்டு வாரம் வலி கொஞ்சம் கூடத்தான் செய்தது, விட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். பிசியோ பெண் ஒரு விதி வைத்தாள்: பத்துக்கு நாலு, ஐந்துவரை வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் பழைய அளவுக்கு வந்துவிட்டால் செய்ததையே செய்யலாம், வராவிட்டால் பாதியாகக் குறைக்கலாம், நிறுத்த மட்டும் கூடாது.

மூட்டு மாற்று எப்போதாவது வேண்டியிருக்கலாம், டாக்டர் அதை மறைக்கவில்லை. இராத்திரித் தூக்கம் கெட்டு, பயிற்சியும் எடைக் குறைப்பும் செய்து பார்த்தும் வீட்டுக்குள்ளேயே நடமாட முடியாமல் போனால் அப்போது செய்யலாம், எக்ஸ்ரேயைப் பார்த்து அல்ல, ஆளைப் பார்த்து. அன்றைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. 2017 ஆகஸ்டில் அரசு மூட்டுக் கருவிகளுக்கு உச்ச விலை வைத்தது, பரவலாகப் போடுகிற கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். பில்லில் கருவிக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று தனியாகக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எனக்கு இப்படி ஆனதிலிருந்து எங்கள் மாடியில் யாருக்கு முட்டி வலித்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள், நான் டாக்டர் இல்லை என்று சொன்னாலும். நாலாவது மாடிப் பையனுக்கு 13 வயது, ஃபுட்பால், முட்டிக்குக் கீழே ஒரு மேடு, தொட்டால் வலி: வளர்கிற வயதில் வருவது, பெரும்பாலும் வளர்ச்சி நின்றதும் போய்விடும், ஆட்டத்தைக் குறைத்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். என் கணவருக்கு ஜனவரி மாரத்தானுக்கு ஓடத் தொடங்கியதும் படி இறங்கும்போதும், சினிமாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழும்போதும் சில்லுக்குப் பின்னால் வலி. கிழிசல் இல்லை, ஒரே வாரத்தில் தூரத்தை இரண்டு மடங்காக்கியதுதான் வியாதி. வீட்டு வேலைக்கு வரும் லட்சுமி அக்காவுக்கு முட்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழ அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம். முட்டிபோட்டுத் தரை துடைத்துத் துடைத்து, சில்லுக்கு மேலே இருக்கிற நீர்ப்பையில் நீர் சேர்ந்திருந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே வேலைக்காரி முட்டி என்றாராம் டாக்டர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அன்றைக்கே நீளப் பிடி வைத்த மாப் வாங்கினேன், பத்து வருடம் தாமதமாக.

மூன்று விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை, அன்றே கிளம்பு என்பேன். முட்டி சுட்டு, சிவந்து, காய்ச்சலும் இருந்தால் உள்ளே கிருமி புகுந்திருக்கலாம், அது மணிக்கணக்கில் மூட்டை அரிக்கும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், அதுவும் அறுவைக்குப் பிறகு அல்லது கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போது, இரத்தக் கட்டியாக இருக்கலாம். அடிபட்ட பிறகு நாலு அடிகூட வைக்க முடியாவிட்டாலும், முட்டியை 90 டிகிரி மடக்க முடியாவிட்டாலும் எலும்பு முறிவு இல்லையென்று எக்ஸ்ரே எடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றபடி முட்டியில் மடமட சத்தம் வருகிறதே என்று கேட்பவர்களிடம் வலிக்கிறதா, வீங்குகிறதா என்பேன். இரண்டும் இல்லையென்றால் சத்தம் போட்டுக்கொண்டே நடக்கட்டும்.

நாளை மறுநாளோடு அறுவை முடிந்து பத்து மாதம் ஆகிறது. ஒற்றைக் காலில் தாவும் சோதனையில் வலது கால் தாவுகிற தூரத்தில் குறைந்தது 90 சதவீதம் இடது கால் தாவ வேண்டும், நான் 88-ல் நிற்கிறேன். கிச்சன் சுவரில் மாட்டுங்காக் கடைக்காரர் கொடுத்த காலண்டர் தொங்குகிறது, அதில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் இரண்டு கணக்கு எழுதுகிறோம், என் தொடையின் சுற்றளவு ஒன்று, அம்மாவின் நாற்காலி எண்ணிக்கை ஒன்று. அளப்பது அம்மா, ஊரில் முப்பது வருடம் ஜாக்கெட் தைத்த அதே நாடா, முட்டிச் சில்லுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் பேனாவால் ஒரு கோடு போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளப்பாள். போன ஞாயிறு வலது 47, இடது 46. அம்மா 12. அளந்து முடித்து நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “ஒரு சென்டிமீட்டர்தானே, ஜாக்கெட்டா இருந்தா பிடிச்சுத் தச்சிருவேன்” என்றாள்.